இன்னொரு தபா வை

ஜூலை 1, திங்கள்
நான் இறால் உரித்த கம்பெனியை மூடிவிட்டார்கள்; அப்படி வேலை போனவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு என்று பக்கத்து வீட்டு மலர் சொல்லித்தான் தெரியும். இன்று தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் போனேன். அங்கிருந்த அம்மா கணினியைப் பார்த்துவிட்டு, "வரலட்சுமி, எர்ணாவூர், நீங்கதானே? ஏப்ரல்லயே பணம் போயிடுச்சே," என்றார். யாருக்கு? வாழ்நாளில் ஒரே தடவைதானாம். அதையும் என் பேரில் யாரோ தின்று ஏப்பம் விட்டாயிற்று.

ஜூலை 2
படகில் விழுந்து கால் முறிந்து வீட்டில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ வாங்கி உங்கம்மா வூட்டுக்குக் குட்த்துட்டியா?" என்றார். இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் இவருக்குக் கஞ்சி வைத்தேனா?

ஜூலை 4
புரிந்துவிட்டது. கம்பெனி மூடின அன்று கணக்குத் தீர்க்க, கான்ட்ராக்டரின் ஆள் கிருஷ்ணப்பன் ரேகை மெஷினோடு வந்தான். "வுழலக்கா, இன்னொரு தபா வை." வைத்தேன். "இன்னொரு தபா." இறால் உரிக்கிற விரலில் ரேகை தேய்ந்திருக்கும், ரேஷன் கடையிலும் இதே பாட்டுதான். எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்? ஆனால் அப்போது சரக்கில்லாமல் கை பல நாள் சும்மா இருந்தது. நன்றாகவே விழுந்திருக்கும். ஒரு தபாவுக்கு என் பேரில் சிம், ஒரு தபாவுக்கு வங்கிக் கணக்கு. பாவி.

ஜூலை 9
போலீசில் புகார் கொடுத்தேன். அலுவலகத்திலோ, நான்தான் வரலட்சுமி என்று ரேகை வைத்தால்தான் விசாரணையாம். வைத்தேன், விழவில்லை. இப்போது காசிமேட்டில் கிலோ கணக்கில் உரிக்கிறேனே, விரல் வழவழவென்று கிடக்கிறது. ஓடிபி போவதும் அவன் போட்ட நம்பருக்கு. "கொஞ்ச நாள் கைய சும்மா வச்சிட்டு வாங்க," என்றார் அந்த அம்மா. சும்மா வச்சா இன்னாத்த துன்றது? நான் நானில்லன்னா நான் யாரு?

ஜூலை 10
உரிக்கப் போகவில்லை.

ஜூலை 17
மலரிடம் மறுபடி அரிசி கேட்டேன். அளந்து கொடுத்தாள். ரேகை போய்விடுமோ என்று பாத்திரம் தேய்க்கவே பயமாக இருக்கிறது. கல்யாணப் பெண் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், மருதாணிதான் பாக்கி.

ஜூலை 22
காலையில் எழுந்தால் இவர் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறார். "நீ குந்து. உன் கைல சோப்பு படக்கூடாது," என்றார். அன்று அப்படிக் கேட்டவர்தான் இவர்.

ஆகஸ்ட் 5, திங்கள்
முதல் தடவையிலேயே ரேகை விழுந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். பணம் வரும் முன் இன்னொரு தடவை ரேகை வைக்கவேண்டுமாம். எப்போது? கூப்பிடுவார்களாம்.
இவர் என் கையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கோடு கோடா கீது," என்றார்.
சாயங்காலம் மலர் வந்தாள். "நாளைக்கு காசிமேட்டுல நெறய லோடு கீதாம், வர்றியா?" அவளிடம் வாங்கிய அரிசியும் தீர்ந்துவிட்டது. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 6
ரேகை வைக்கிற கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு உரித்தேன். மற்றவர்கள் உரித்ததில் பாதிகூட வரவில்லை.