வெஸ்ஸுக்கு முப்பத்தொன்று

இல்லை அம்மா, காலையில் அனுப்பிய படத்தில் மாலையோடு இருப்பவர் வீட்டுக்காரருக்குச் சொந்தம் இல்லை. அவர் வெஸ் மக்கினன் என்ற பேஸ்போல் ஆட்டக்காரர், போன மாதம் காலமானார். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வீட்டுக்காரர் தியாகலிங்கம் அங்கிள் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், வேலை கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்களாம். பந்தைத் தவறவிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பும் வெஸ்ஸை ரிவியில் பார்த்துவிட்டுத்தான் மறுநாளும் வேலை தேடிக் கிளம்புவாராம். இன்று வெஸ் இறந்து முப்பத்தோராம் நாள், அதனால் அவருக்குப் படைத்து முப்பத்தொன்று செய்தோம். சோறு, பருப்பு, வடை, பாயசம். அவர் மைதானத்தில் மெல்லும் சூரியகாந்தி விதையும் ஒரு பிடி.

வீட்டின் பின்வளவில் காகத்துக்கு இலையை வைத்தோம். காகம் வரவில்லை. அது தொடாமல் தான் சாப்பிடுவதில்லை என்று அங்கிள் குளிரில் நின்றார். எங்களுக்கும் பசி. கடைசியில் ஒரு கறுப்பு அணில் வந்து விதையை மட்டும் தின்றது.

"இதுவும் கறுப்புத்தானே, போதும். உள்ளுக்கு வாங்கோ," என்றார் அங்கிளின் மனைவி, அன்ரி.

"வெஸ்தான் வந்தவர். வடையைத் தொடேல்லை, பாத்தீரே?" என்றார் அங்கிள்.

"என்ர வடையை நீங்களும்தான் தொடுறேல்லை."

சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அழுதேன் என்று நினைக்க வேண்டாம்.

அப்பாவின் திவசம் இந்த வருடம் எந்த நாளில் வருகிறது என்று எழுதுங்கள். இங்கேயே சமைக்கலாம் என்கிறார் அன்ரி. மிளகாய்த்தூளும் கொஞ்சம் அனுப்புங்கள்.

அங்கிள் கூப்பிட்டதால் இதைப் பாதியில் விட்டுக் கீழே போய் ரிவியில் பேஸ்போல் ஆட்டம் பார்த்தேன். நாங்கள் தோற்றுவிட்டோம்.

மகள் பிரதீபா