பன்னிரண்டு மூலைக் கல்லைப் பார்க்க இரண்டு பேர்

என் ஆசை அக்காவே, எதையும் முழுசாகச் சொல்லாமல் போன கள்ளியே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நான் இன்னும் செங்கல்பட்டு ஸ்டேஷனில் அதே ரிசர்வேஷன் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது வயசுக்காரர் கீழ் பெர்த்துக்காக அறுபத்தைந்து என்று எழுதினால், பாரத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். "போலீசுக்குப் போக வேண்டியவடி நீ" என்பாயே, அந்தப் புத்தி மாறவில்லை.

அந்தப் புத்தியால்தான் இந்தக் கடிதம். மாமா மேல் சந்தேகப்பட்டேன் அக்கா. உன் புருஷன் மேல்.

மாமல்லபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாளே செல்வி, என்கூடப் படித்தவள், அவள்தான் போன் பண்ணினாள். "உன் மாமா வாரம் தப்பாம வந்துகினு கீறாருடி. பெருன்னு இன்னாமோ நாடாம். அங்க ஒரு கம்பெனிக்கு மெயில் மேல மெயில். நேத்து பிரிண்ட் எடுத்தாரு, ரெண்டு பேருன்னு போட்டு கீது. எனக்கு இன்னாத்துக்கு வம்பு, சொல்லிட்டேன்."

பெரு. உன் கனவு அல்லவா அது? அணுபுரம் பள்ளியில் வாரமெல்லாம் சரித்திரம் நடத்தியது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை என்னையும் கடற்கரைக் கோயில் பக்கம் இழுத்துப் போய், பெருவை ஆண்ட இன்காக்காரர்கள் சுண்ணாம்பே இல்லாமல் சுவர் எழுப்பிய கதையைச் சொல்வாய். ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு மூலையாம், சந்தில் பிளேடுகூட நுழையாதாம். அதைத் தொட்டுப் பார்க்காமல் சாகமாட்டேன் என்றாய். செத்துப்போனாய்.

அங்கே வேறு எவளோடு கிளம்புகிறார் இந்த மனுஷன்?

அம்மாவிடம் சொன்னேன். பதறுவாள் என்று பார்த்தால், கீரை ஆய்வதைக்கூட நிறுத்தவில்லை. "அந்த ரெண்டாவது ஆளு நீயா இருந்தா இன்னா தப்பு? புள்ள குட்டி இல்லாத மனுசன். உனுக்கும் முப்பத்தாறு ஆயிடுச்சி. அக்கா பூட்டா தங்கச்சியக் கட்றது ஊர்ல இல்லாததா?"

இவர்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களா? எப்போதிருந்து? நீ படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தேனே, அப்போதிருந்தா? இந்த வேலைக்குப் பரீட்சை எழுதப் போனபோது எனக்குத் துணைக்கு வந்து, வாசலில் நாள் பூரா நின்றவர் அவர். அதையும்கூடத் திருப்பிப் பார்த்துச் சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அணுபுரம் போனேன். மாமா கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், "யாரு அந்த ரெண்டாவது ஆளு?" என்றேன்.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. பீரோவிலிருந்து நாலு தாளை எடுத்துவந்து நீட்டினார். "நீயா வந்து கேட்டாதான் குடுக்கணும்னு உங்கக்கா உத்தரவு. 'அவ சந்தேகப்பட்டுக்கிட்டு தானா வருவா, பாருங்க'ன்னா. தேதியத் தள்ளித் தள்ளிப் போட்டு, அந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்பிக்கிட்டு இருக்கேன்."

அவரவர்க்குத் தகுந்த மாதிரி பயணம் போட்டுத்தரும் கம்பெனியாம். அவர்கள் அனுப்பிய பாரத்தில் ஆயிரத்தெட்டுக் கேள்வி. பதிலெல்லாம் இங்கிலீஷில் உன் கையெழுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதிய கோணல் எழுத்து. முதல் ஆள், காபி குடிக்காமல் வாய் திறக்கமாட்டார். இரண்டாவது ஆள்? "ஜன்னல் சீட் கொடுங்கள். பசித்தால் சண்டை போடுவாள். மலையில் மூச்சு வாங்கினாலும் சொல்லமாட்டாள், நீங்களே எதையாவது பார்ப்பதுபோல் நின்றுவிடுங்கள். யார் சொன்னாலும் நம்பமாட்டாள், பன்னிரண்டு மூலையையும் அவளே எண்ணட்டும்."

பெயரைப் பார்க்கத் தேவையே இல்லை. அடிப்பாவி!

கடைசித் தாளில் ஒரு கேள்வி. பயணிகள் இருவரும் என்ன உறவு? நீ எழுதியிருந்தாய்: அண்ணன், தங்கை. அதன் கீழே: இரண்டு அறை.

நின்ற இடத்திலேயே அழுதேன் அக்கா. மாமா காபி போடப் போனார்.

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "அவளே எழுதிட்டாளா?" என்றாள். முட்டியைத் தடவிக்கொண்டே, "அங்க குளுருமாமே, உங்கிட்ட சொட்டர் கீதா?" என்றாள். அதோடு கல்யாணப் பேச்சு போயிற்று.

ஆனாலும் என் புத்தி போகுமா? ஒன்று கேட்கிறேன். ஊர் வாயிலிருந்து என்னைக் காப்பாற்ற எழுதினாயா? இல்லை, மாமாவை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் எழுதினாயா? பாரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவள் நான். உன் பாரத்தில் இது மட்டும் பிடிபடவே இல்லை.

எதுவானாலும் சரி, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டேன். அந்தக் கல்லை உனக்காகத் தொடுவேன். சந்தில் பிளேடு வைத்துப் பார்ப்பேன். மூலைகளை எண்ணுவேன், ஒன்று குறைந்தாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன். மூச்சு வாங்கினால் இந்தத் தடவை வாய்விட்டுச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கை,
நீ எழுதிவைத்தபடி, உன் புருஷனுக்கும் தங்கை.