அம்மாவின் போனில் எங்கள் வயல்

ஜன. 8, வியாழன்

காலையில் நல்ல பனி. பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. வேதியியல் ரெக்கார்டில் மூன்று சோதனை பாக்கி. நூலகப் புத்தகம், நாளை கடைசி.

வயலில் நெல் தலை சாய்த்துவிட்டது. அறுக்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் என்கிறாள் அம்மா. அதற்கு முன், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். மேலே நெல் அறுக்கும்போது கீழே உளுந்து முளைத்து நிற்கும். எங்கள் ஊர் போலகத்தில் எல்லோரும் இப்படித்தான். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் முளைக்காது, தண்ணீர் நின்றால் விதை அழுகிவிடும். எங்களிடம் விதை ஒரே ஒரு டின். போன வருடம் விளைந்ததில் அம்மா பொறுக்கி எடுத்து, சாம்பல் கலந்து வைத்தது. அது போனால் இந்த வருடம் உளுந்து இல்லை.

அதனால்தான் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விவசாயிகளுக்கான வானிலைச் செய்தி செவ்வாயும் வெள்ளியும் வரும். நவம்பரில் நான் பதிந்து கொடுத்தது. தொட்டால் ஒரு பெண்குரல் வாசிக்கும். அம்மா அதை "அந்தப் பொண்ணு" என்பாள்.

இயற்பியல் புத்தகத்தில் படித்தது: செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில். பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நம் தலைக்கு மேல் அசையாமல் நிற்பது போல இருக்கும். அங்கிருந்து மேகத்தைப் பார்த்து, யார் யாரோ கணக்குப் போட்டு, கடைசியில் அம்மா முந்தானையில் கை துடைத்துவிட்டுத் தொடுகிற போனுக்கு! இதைப் பற்றி வகுப்பில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. அதுவும் ஆச்சரியம்.

ஜன. 9, வெள்ளி

செய்தி வந்தது. ஞாயிறு, திங்கள் கனமழை. உளுந்து தெளிப்பதைத் தள்ளிவைக்கவும்.

குழாயடியில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆறு வீட்டில் தெளிப்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வயல் கலியமூர்த்தி மாமா மட்டும் இல்லை.

"மேரி, ஒன் மவ போன்ல மேகம் மேய்க்கிறா போலருக்கு" என்றார் அம்மாவிடம்.

"நீங்க எங்கண்ணே மேய்க்கிறீங்க?" என்றாள் அம்மா.

"நா நாளைக்குத் தெளிக்கப் போறேன். மழ வந்தா ஒம் மவகிட்ட கொட வாங்கிக்கிறேன்."

நூலகப் புத்தகத்தை மறந்துவிட்டேன்.

ஜன. 11, ஞாயிறு

பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால் வானம் கழுவித் துடைத்த மாதிரி. மத்தியானமும் அப்படியே. சாயங்காலமும்.

மாமா நேற்றே தெளித்துவிட்டார். வழியில் பார்த்து, "என்னா டீச்சரம்மா, மழ பஸ்ஸ விட்டுட்டுதா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

ஜன. 12, திங்கள்

மழை இல்லை. மேகமே இல்லை. வரப்போரம் மண் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நாளை விடியற்காலை தெளித்துவிடுவது என்று அம்மா முடிவு செய்து டின்னை எடுத்து வெளியே வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஐந்து மணிக்குப் புதுச்சேரியிலிருந்து சித்தி போன். "நேத்துலேருந்து கொட்டுதுக்கா. வாசல்ல முழங்கால் தண்ணி. அங்க எப்புடி?"

போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பதிவைத் திறந்தேன்.

மாநிலம்: புதுச்சேரி.
மாவட்டம்: புதுச்சேரி.

ரேஷன் கார்டில் புதுச்சேரி. என் மாற்றுச் சான்றிதழில் புதுச்சேரி. பரீட்சை விண்ணப்பத்தில் புதுச்சேரி. எழுதி எழுதிப் பழகிய கை, மாவட்டத்துக்கும் அதையே தொட்டிருக்கிறது. மாநிலம் சரி; மாவட்டத்தில் கீழேயே எங்கள் காரைக்கால் இருந்தது. இரண்டு மாதமாக எங்கள் வயலை நூற்றுச்சொச்சம் கி.மீ. வடக்கே கொண்டுபோய் வைத்திருந்தேன். நவம்பரிலும் டிசம்பரிலும் அங்கேயும் மழை, இங்கேயும் மழை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

காரைக்கால் என்று மாற்றியதும் வேறு செய்தி. நாளை வறண்ட வானிலை. புதன் பிற்பகல் முதல் வியாழன் காலை வரை கனமழை. உளுந்து தெளிக்க வேண்டாம். வடிகாலைச் சரி செய்யவும்.

அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"புதுச்சேரில மழ பெஞ்சிச்சா இல்லியா?"

"பெஞ்சிச்சும்மா."

"சொன்ன நாள்ல?"

"சொன்ன நாள்ல."

"அப்ப அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லிருக்கு. நாமதான் வெலாசத்த மாத்திக் குடுத்துருக்கோம்." டின்னைத் தூக்கி உள்ளே வைத்தாள். "போ, ஆறு வூட்லயும் நீயே போயிச் சொல்லிட்டு வா."

அம்மா பத்தாவது தாண்டவில்லை.

அதே நாள், பிறகு

ஆறு வீடு. போனது பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நேரம். ஏணியில் நிற்கிறவர்களை அண்ணாந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் என் தப்பு, பிறகு புதன்கிழமை மழை.

"போன வெள்ளியும் இதத்தானடி சொன்ன?"

"அது அங்க பெய்யிற மழ அத்தை. இது நம்ம மழ."

"மழைக்கு எல்லாம் ஆளு பிரிச்சாச்சா?"

நான்கு வீடு காத்திருக்கிறோம் என்றது. இரண்டு வீடு நாளைக்கே தெளிக்கிறது. கலியமூர்த்தி மாமா ஏற்கனவே தெளித்தவர், அவருக்குச் சொல்லி என்ன பயன் என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னேன். "ம்" என்றார்.

ஜன. 13, செவ்வாய்

வெயில். இரண்டு வீட்டார் தெளிப்பது எங்கள் வரப்பிலிருந்தே தெரிந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாளையும் மழை வராவிட்டால் மண் வெடித்துவிடும், டின் விதை டின்னிலேயே.

மாமா மண்வெட்டியோடு வயலில் வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஒம் போனுக்காவ இல்ல. ஒடம்புக்கு நல்லது."

ஜன. 14, புதன், போகி

லீவு. காலையிலிருந்து மொட்டைமாடியில். போனில் ரேடார் படம். கடல் மேல் மஞ்சள், நடுவில் சிவப்பு.

11.00 வெயில்.
1.30 வெயில். அம்மா சாப்பிடவில்லை.
2.50 காற்று நின்றது. கிழக்கே அடிவானம் சாம்பல் நிறம்.
3.40 படத்தில் மஞ்சள் கரையைத் தொட்டது. அண்ணாந்தால் தலைக்கு மேலேயும் இருட்டு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கையில் இருப்பதும் மேலே இருப்பதும் ஒன்று!
3.46 முதல் துளி, இந்த நோட்டில். மேலே "சாப்பிடவில்லை" அழிந்திருப்பது அதனால்தான்.

பிறகு சுவர் மாதிரி வந்தது. தென்னைகள் மறைந்தன, கோயில் கோபுரம் மறைந்தது, கலியமூர்த்தி மாமா வீடு மறைந்தது. படியில் நின்று நனைந்தேன். இப்படி ஒன்று வரப்போகிறது என்று முந்தாநாளே ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

அம்மா கீழேயிருந்து, "வந்துட்டுதுடி!" சின்னப் பெண் குரலில்.

ஜன. 15, வியாழன், பொங்கல்

எட்டு மணிக்கு மழை விட்டது. ஈர விறகு, ஒரே புகை. பானை பொங்கப் பத்தரை ஆயிற்று.

வயலில் கணுக்கால் தண்ணீர். தெற்கு மூலையில் நெல் சாய்ந்துவிட்டது. அதை போன் தடுக்க முடியாது. செவ்வாய் தெளித்த இரண்டு வீட்டு விதையும் மிதந்து வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தது, ஊதிப்போய். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை நான் சரியாகச் சொல்லியிருந்தால் திங்களன்று நம்பியிருப்பார்கள்.

மாமா வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது. பாதிக்கு மேல் வேர்விட்டிருக்கிறது. தேறும் என்றார்.

ஜன. 17, சனி

வெயில், லேசான காற்று. மண்ணை மிதித்தால் கால் பதிகிறது, ஒட்டவில்லை. அம்மா டின்னைத் திறந்து, பாதியைச் சாக்கில் கொட்டி, அந்த இரண்டு வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள். "நாம கொஞ்சம் கலக்கமா, எட்ட எட்டத் தெளிப்போம்."

இறங்குவதற்கு முன் கேட்டாள்: "இப்பவாது நம்ம வயல் அதுல சரியா இருக்கா? காட்டு."

வரைபடத்தைத் திறந்தேன். பச்சைக் கட்டங்கள், வாய்க்கால், வரப்பு. வரப்பின் மேல் ஒரு நீலப் புள்ளி.

"இது யாரு?"

"நீதாம்மா."

நம்பவில்லை. போனை வாங்கிக்கொண்டு வரப்பிலேயே கிழக்கே நடந்தாள், முப்பது நாற்பது எட்டு இருக்கும். நின்றாள். குனிந்து பார்த்தாள். புள்ளியும் வந்து நின்றிருக்க வேண்டும். அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, விதையோடு நெல்லுக்குள் இறங்கினாள்.