அரைவயிற்று எலிகள்

மார்ச் 14, வியாழன்

புற்றுக்கட்டி வந்த எலிகளின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவதை அளந்தவள் நான். நாளை கருத்தரங்கில் அதைத் தன் கண்டுபிடிப்பாக மேடையேற்றப்போகிறான், என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்யும் தினேஷ். கட்டிதான் ஹார்மோனைத் தின்கிறதாம்.

மதியம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவனிடமே நியாயம் கேட்டுவிட்டேன். "நீ ரத்தம் எடுத்துக் கொடுத்த, அவ்வளவுதான் லா," என்றான்.

மடையன். கட்டி வந்த எலி சரியாகச் சாப்பிடாது. வெறும் பட்டினியிலேயே அந்த ஹார்மோன் இறங்கும். அதனால் கட்டியில்லாத எலிகளுக்கும் அதே அரைவயிற்றுத் தீனி போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதை நான் செய்வதற்குள் என் அளவுகளைத் திருடிவிட்டான். அவன் ஒப்பிட்டது வயிறு முட்டத் தின்ற எலிகளோடு.

நான் எச்சரிக்கவில்லை. பரிமாறுபவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க," என்றேன்.

நாளை முன்வரிசையில் உட்காருவேன். கேள்வி ஒன்றுதான்: "உங்க எலிங்க சாப்பிட்டுச்சுங்களா, தினேஷ்?"