முதலில் நோயுற்ற பிள்ளையின் பெயர்

அனுப்புநர்:
திருமதி அன்னலட்சுமி தம்பிராசா,
பிள்ளைப் பராமரிப்பாளர்,
கருவாட்டுக் கொட்டில் பெண் தொழிலாளர் பிள்ளைகள் நிலையம்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
துறைமுகப் பகுதிச் சுகாதாரப் பணிமனை,
திருகோணமலை.

விடயம்: 1973 மே மாதம் மேற்படி நிலையத்தில் பரவிய தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) நோய் பற்றிய அறிக்கையிலுள்ள பிழையைத் திருத்துதல், கிண்ணியாப் பிள்ளைகளை மீளச் சேர்த்தல், பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்கத் தனித்தனிப் பேணி வைக்கக் கட்டளையிடுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி நிலையத்தில் 1967 தை மாதம் முதல் நான் பராமரிப்பாளராகப் பணிபுரிகிறேன். கருவாடு தரம் பிரிக்கவும் உப்பிடவும் வரும் பெண்களின் பிள்ளைகள் பதினான்கு பேர் காலை ஏழு மணி முதல் மாலை நான்கரை மணி வரை என் பொறுப்பில் இருந்தார்கள். ஒன்பது பேர் நகரத்தையும் பக்கத்துச் சல்லிக் கிராமத்தையும் சேர்ந்தவர்கள். ஐந்து பேர் தாய்மாருடன் கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வருபவர்கள். இன்று எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிகுதி ஆறு பேரைப் பற்றியதே இம்மனு.

2. அந்த அறுவரில் ஒருவர் சல்லியைச் சேர்ந்த திருமதி பூமணியின் மகள் புஸ்பராணி. வயது மூன்றரை. மே 30ஆம் திகதி காலை ஆசுபத்திரியில் இறந்தார். மற்ற ஐவரும் கிண்ணியாப் பிள்ளைகள். நோய் அவர்களால் வந்தது என்று எமது நிருவாகக் குழு அவர்களை நிறுத்தி வைத்துள்ளது. குழு அதற்கு ஆதாரமாகக் காட்டுவது தங்கள் பணிமனை அறிக்கையின் ஒரு வரியை. முதலில் நோயுற்றவர் கிண்ணியா திருமதி றஹ்மாவின் மகன் ஸுஹைர், வயது மூன்று, என்று அந்த வரி சொல்கிறது. அந்த வரி பிழையானது. அதை எழுதிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவில் எந்தக் குற்றமும் இல்லை. அவர் நான் சொன்னதையே எழுதினார்.

3. நடந்ததை விளங்கிக்கொள்ள, எமது நிலையத்தில் தண்ணீர் கொடுக்கும் முறையைத் தாங்கள் அறிய வேண்டும். நிலையம் தொடங்கிய முதல் வாரத்தில் தாய்மார் சிலர் தம் பிள்ளைக்கென்று வீட்டிலிருந்து பேணி கொடுத்தனுப்பினார்கள். கிருமிக்குப் பயந்து அல்ல. இன்ன வீட்டுப் பிள்ளை குடித்ததில் தங்கள் பிள்ளை வாய் வைக்கக் கூடாது என்பதற்காக. இது இரு சமயத்தாருக்கு இடையில் மட்டும் இருந்ததல்ல. ஒரே கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இடையிலும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. எல்லாப் பேணிகளையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு பித்தளைப் பேணியை மட்டும் வெளியே வைத்தேன். இங்கே எல்லாரும் ஒரு பேணியில்தான் குடிக்க வேண்டும், விருப்பமில்லாதவர்கள் பிள்ளையைக் கொண்டு போகலாம் என்று தாய்மாரிடம் சொன்னேன். ஒருவரும் கொண்டு போகவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் கதையே அடங்கிவிட்டது.

4. ஆறு வருடங்கள் அந்தப் பேணியை நானே புளி போட்டு மினுக்கினேன். நிலையத்தைப் பார்வையிட வந்தவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்கவில்லை. மினுக்கமாக இருப்பது சுத்தமாக இருப்பது என்றும் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளை குடித்துவிட்டு வைத்த மிச்சத்தை ஊற்றக் கூடாது, அடுத்த பிள்ளை குடிக்க வேண்டும் என்பதும் நான் வைத்த சட்டம். பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள். பேணி கைமாறிக்கொண்டே போகும். எவர் மிச்சத்தை எவர் குடித்தார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

5. மே 21ஆம் திகதி திங்கட்கிழமை சல்லி அம்மன் கோயில் பொங்கல். என்னுடன் வேலை செய்யும் மற்றப் பெண் அதற்குப் போயிருந்தார். என் மகன் கோணேஸ்வரனைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அயல்வீட்டுக்காரரும் போயிருந்தார். மகனுக்கு நான்கு வயது. அன்று காலை தொண்டை நோகிறது என்றான். மேல் இலேசாகச் சுட்டது. தடிமன் காய்ச்சல் என்று நினைத்து அரைக் குளிசை கரைத்துக் கொடுத்தேன். நான் லீவு எடுத்தால் நிலையம் பூட்டிக் கிடக்கும், தாய்மார் வேலையின்றித் திரும்பிப் போக வேண்டிவரும். ஊழியர் தம் பிள்ளைகளை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. தெரிந்துகொண்டே அவனைக் கொண்டு சென்றேன். வரவுப் பதிவேட்டில் அவன் பெயரை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

6. இரண்டு நாளும் அவனை வரிசையில் முதலாவதாக இருத்தினேன், என் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று. விழுங்க நொந்தபடியால் அவன் பாதி குடித்துவிட்டுப் பேணியைத் தள்ளினான். மிச்சத்தை அடுத்திருந்த புஸ்பராணியிடம் கொடுத்தேன். அந்தப் பிள்ளை எதையும் இரண்டு கையாலும் பிடித்து அடிவரை குடிக்கும். குடித்து முடித்துப் பேணியைக் கவிழ்த்துக் காட்டும், நான் கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பேணியைக் கழுவாமல் மறுபடி நிரப்பி, அடுத்திருந்த ஸுஹைரிடம் கொடுத்தேன்.

7. வியாழக்கிழமை வீட்டில் மகனின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டையின் ஒரு கரையில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டியிருந்தது. பால் ஆடை என்று எண்ணி உப்புத் தண்ணீரால் கொப்புளிக்கச் செய்தேன். அவனுக்கு இந்த நோய்க்கு எதிரான முக்கூட்டுத் தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்று. சனிக்கிழமை முற்றத்தில் ஓடி விளையாடினான். ஊசி போட்ட பிள்ளைக்கு இந்த நோய் இலேசாக வந்து போகும் என்றும், ஆனால் அந்தப் பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும் என்றும் பின்னர் ஆசுபத்திரித் தாதி ஒருவர் வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

8. வெள்ளிக்கிழமை ஸுஹைருக்குக் காய்ச்சல் கண்டது. தாய் றஹ்மா அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அப்போதே கொட்டிலை விட்டிறங்கிப் பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றார். பிள்ளை பிழைத்தது. ஒரு தாய் செய்ய வேண்டியதை அவர் செய்தார். முதலில் ஆசுபத்திரிக்குப் போனபடியால்தான் அவர் மகனின் பெயர் முதற்பெயராயிற்று. புஸ்பராணிக்குச் சனிக்கிழமை தொடங்கியது. ஒரு ஊசி மட்டுமே போட்டிருந்த பிள்ளை. திங்கட்கிழமை கொண்டு போனபோது கழுத்து வீங்கி, மூச்சு இழுக்கும் சத்தம் வாசலுக்கே கேட்டது. நானும் கூடப் போனேன்.

9. பிள்ளையை அடக்கம் செய்து இரண்டாம் நாள், ஜூன் 1ஆம் திகதி, பரிசோதகர் ஐயா நிலையத்துக்கு வந்தார். எந்தப் பிள்ளைக்கு முதலில் வந்தது என்று மரியாதையாகவே கேட்டார். கிண்ணியாப் பையனுக்கு என்றேன். யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. வேறு பிள்ளைகள் யாரும் அந்த நாட்களில் வந்து போனார்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். இந்த இரண்டாவது பதிலை யோசித்துத்தான் சொன்னேன். பதிவேட்டிலுள்ள பதினான்கு பிள்ளைகளில், இறந்த பிள்ளை போக, பதின்மூன்று பேரின் தொண்டையில் பஞ்சு வைத்துச் சோதனைக்கு எடுத்தார்கள். என் மகனிடம் எடுக்கவில்லை. இன்று வரை எடுக்கவில்லை.

10. ஜூன் 4ஆம் திகதி றஹ்மா வேலைக்குத் திரும்பினார். கொட்டில் வாசலில் அத்தனை பேர் முன்னிலையில் பூமணி அவரை மறித்து, “உன்ர பிள்ளைக்கு வருத்தம் எண்டு தெரிஞ்சும் கொண்டந்து விட்டனீ. என்ர பிள்ளை போயிட்டுது” என்று சொல்லி அழுதார். அந்தச் சொற்களில் ஒன்றுகூட றஹ்மாவுக்கு உரியது அல்ல. எல்லாம் எனக்கு உரியவை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, இருவரையும் சமாதானப்படுத்தினேன். என்னைப் பொறுமைசாலி என்று குழுத் தலைவி பாராட்டினார்.

11. றஹ்மா அன்றோடு வேலையை விட்டுவிட்டார். அவரைத் தேடித் துறையடிக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர், “எங்கட புள்ளையால ஒரு புள்ள மௌத்தாப் போச்செண்டா, எந்த மொகத்த வெச்சிக்கிட்டு அக்கா நாங்க அங்க வாற?” என்று கேட்டார். அவரே அதை நம்பிவிட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். ஐயா, நான் செய்தவற்றுள் இதுவே மிகக் கேவலமானது என்று கருதுகிறேன்.

12. இதை மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை, ஆயினும் எழுதுகிறேன். மத்தியானம் பிள்ளைகளைப் பாயில் வரிசையாகப் படுக்க வைப்பேன். எட்டுப் பேர். எல்லாரும் நித்திரையான பிறகு அந்த மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் காதை வைத்துப் பார்க்கிறேன். எட்டு மூச்சும் ஒழுங்காக இருக்கின்றன. திரும்பி வந்து கதிரையில் இருந்தால் மறுபடி கேட்கிறது. பாய் விரிக்கும்போது என் கை ஒன்பதாவது பாயையும் விரித்துவிடுகிறது. அதைச் சுருட்டி வைக்க எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் அதில் படுப்பதில்லை, ஏன் என்று நான் அவர்களிடம் கேட்கவும் இல்லை.

13. இனிக் குழுவின் தீர்மானம். ஜூன் 16ஆம் திகதிக் கூட்டத்தில், நோய் பரவாதிருக்க இனிமேல் இரண்டு தண்ணீர்ப் பானையும் இரண்டு பேணியும் வைப்பது என்றும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, முஸ்லிம் பிள்ளைகள் திரும்பிச் சேர்க்கப்பட்டால் அவர்களுக்கு ஒன்று என்றும் முடிவெடுத்தார்கள். ஆறு வருடங்களுக்கு முன் நான் அலுமாரியில் வைத்துப் பூட்டியதைக் கிருமியின் பெயரைச் சொல்லி வெளியே எடுக்கிறார்கள். ஒரு பேணி பதினான்கு வாய்க்குப் போனதற்குப் பதிலாக ஒன்று எட்டு வாய்க்கும் மற்றது ஐந்து வாய்க்கும் போகும், அவ்வளவுதான். அதே கூட்டத்தில் தேநீர் வந்தது. அங்கத்தவர்கள் ஏழு பேருக்கும் ஏழு கோப்பை வந்தது. எல்லாரும் ஒரே சாதி, ஒரே சமயம், இருந்தும் ஒருவர் கோப்பையில் மற்றவர் குடிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்த சுகாதாரம் பிள்ளைகளுக்கு வரும்போது ஏன் வேறாகிறது என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.

14. எனது பிழை பிள்ளைகளை ஒன்றாக இருத்தியது அல்ல, ஒரே பேணியைக் கொடுத்தது என்பதை இப்போது உணர்கிறேன். இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டேன். ஆகவே தங்களைப் பணிந்து கேட்பவை:

(அ) அறிக்கையில் முதலில் நோயுற்ற பிள்ளை என்ற இடத்தில் ஸுஹைரின் பெயரை நீக்கி, என் மகன் தம்பிராசா கோணேஸ்வரனின் பெயரை எழுத வேண்டும். அதை நிருவாகக் குழுவுக்கும், றஹ்மாவின் வீட்டுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

(ஆ) என் மகனின் தொண்டையை உடனடியாகச் சோதிக்க வேண்டும். மே 30 தொடக்கம் அவனை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. அயல்வீட்டுக்காரரிடமும் விடவில்லை. என் கணவர் இரவு வேலைக்கு மாறிப் பகலில் பார்த்துக்கொள்கிறார். ஏன் என்று அவருக்கும் நேற்றுத்தான் சொன்னேன்.

(இ) கிண்ணியாப் பிள்ளைகள் ஐவரையும் உடனே சேர்க்கவும், றஹ்மாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கவும் கொட்டில் முகாமைக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

(ஈ) பானை ஒன்றாகவே இருக்கட்டும். கொதித்தாறிய தண்ணீரை நீண்ட காம்புள்ள அகப்பையால் மட்டும் அள்ள வேண்டும். பேணி பிள்ளைக்கு ஒன்று. எழுத்துத் தெரியாத பிள்ளைகளாதலால் ஒவ்வொன்றிலும் ஒரு படம் கீறலாம்: மீன், குடை, நண்டு, வள்ளம் என்று. முகம் துடைக்கும் துணியும் அவ்வாறே. மிச்சத் தண்ணீர் மரத்துக்குப் போகட்டும்.

(உ) சுகமில்லாத பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம் என்று பலகை எழுதி மாட்டுவதால் மட்டும் பயனில்லை. சம்பளம் போகும் என்ற பயத்தில் தாய் அரைக் குளிசை கொடுத்துக் கொண்டு வருவாள். விதி தெரிந்த நானே அதைத்தான் செய்தேன். பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் தாய்க்கு வேலை போகாது என்று முகாமை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி அட்டையைப் பார்த்து, குறையாக உள்ளவர்களுக்கு நிலையத்திலேயே ஊசி போடத் தாதி ஒருவரை மாதம் ஒருமுறை அனுப்ப வேண்டும்.

15. என் வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீக்குவதானால், கிண்ணியாப் பிள்ளைகள் திரும்பி வந்து தங்கள் பேணியை அடையாளம் கண்டுகொள்ளும் மட்டும் வேறு ஒருவர் பொறுப்பாக இருப்பதை உறுதி செய்துவிட்டு நீக்குமாறு வேண்டுகிறேன். விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருவேன். இம்முறை கேட்கப்படாதவற்றையும் சொல்வேன்.

இதில் எழுதிய ஒவ்வொன்றும் உண்மை எனப் பொறுப்பேற்று, தங்கள் விரைவான கட்டளையை எதிர்பார்க்கும்,

அன்னலட்சுமி தம்பிராசா
(ஒப்பம்)

திகதி: 06.07.1973
இடம்: திருகோணமலை

பிரதிகள்:
1. தலைவி, நிலைய நிருவாகக் குழு.
2. திருமதி றஹ்மா, கிண்ணியா. பதிவுத் தபாலில்.
3. திருமதி பூமணி, சல்லி. அவருக்கு வாசிக்கத் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை நானே அவர் வீட்டுக்குச் சென்று முழுவதையும் வாசித்துக் காட்டுவேன்.