வாய் திறக்காத அக்கா

தம்பி,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. என் கோபம் இன்னும் தீரவில்லை.

உன் மாயக்கோட்டை கம்ப்யூட்டர் விளையாட்டில் என் முகத்தோடு ஒருத்தியைச் சேர்த்து, இப்படி நாமே விளையாட்டில் சேர்ப்பதற்கு மோட் என்று பேர் சொல்லி, "இந்த அக்கா வாயே திறக்க மாட்டா" என்று சிரித்தாயே! காலையில் அந்த மோடை நான்தான் நீக்கினேன். அவள் போகவில்லை. கோட்டை வாசலிலேயே நின்றாள்.

பாதியில் மோடை எடுத்தால் விளையாடிய இடம் பதிவாகியிருக்கும் பழைய சேவ் ஃபைலில் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். சரி. ஆனால் அவளுக்கு நீ வசனமும் வைக்கவில்லை, குரலும் வைக்கவில்லை. பிறகு எப்படி என் குரலில், "தம்பி எப்ப வருவான்?" என்று கேட்டாள்?

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். நீ போடாதே.

பி.கு.: என்னிடம் சாவி இருக்கிறது, நானே திறந்துகொண்டு வருவேன். அக்கா குரல் வெளியிலிருந்து கூப்பிட்டால் திறக்காதேடா.