தூக்குச்சட்டி காலியாக வரக் கூடாது

உ

விழுப்புரம்
28-11-61

தீர்க்காயுசாய் இருக்க வேண்டிய என் மகன் கண்ணையனுக்கு அம்மா வீரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி கிருஷ்ணவேணி, போன மாசம் கன்று போட்ட செவலை மாடு எல்லாரும் சுகம். பஸ்ஸில் கண்டக்டர் விசிலை ஊதி ஊதி உன் அப்பாவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது, மற்றபடி அவரும் சுகம். உனக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா, வாய்க்கசப்பு போனதா, கஞ்சிக்கு என்ன பண்ணினாய் என்று விவரமாய் எழுது. என் எழுத்தைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துக்கொள், மூணாங்கிளாசோடு மாடு மேய்க்கப் போனவளுக்கு இவ்வளவுதான் வரும். கிருஷ்ணவேணியை எழுதச் சொன்னால் நான் திட்டுவதையெல்லாம் விட்டுவிட்டு அம்மா உன்னை விசாரித்தாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள், அதனால்தான் நானே பேனாவைப் பிடித்தேன்.

உன் கடுதாசியை அவள்தான் படித்துக்கினு வந்தாள். நடுவிலே தொண்டையைக் கனைத்து ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். எனக்கா தெரியாது, அவள் போனதும் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். காய்ச்சலில் கிடந்தபோது ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை, நான் செத்திருந்தாலும் வாடகை கேட்க வருகிறவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அடுப்பிலே கேப்பைக் களி அடிப்பிடித்துப் போய்விட்டது. உன் அப்பா மறுநாளே பஸ் முதலாளியைப் பார்த்து உனக்கு செக்கர் வேலை ஒன்று கேட்டு வைத்துவிட்டு வந்தார். பையனை உடனே வரச்சொல்லி எழுது, ரைட் என்றார். அவருக்குத்தான் எல்லாம் ஜல்தி ஆயிற்றே, திண்டிவனம் டிரிப்பை விட்டு வீட்டுக்கு வந்தாலும் சோறு தொண்டையில் இறங்குவதற்குள் ரைட் சொல்லுகிற மனுஷன். நான் அவர் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரியே ஹோல்டான் என்றேன். நீ ஆசைப்பட்டு, கால் தேயத் தேய அலைந்து வாங்கின மில் ஆபீசு உத்தியோகம் அது. வேலை பிடிக்கவில்லை என்றால் வா, சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றால் வா. பேச ஆள் இல்லை என்பதற்காக மூட்டை கட்டிக்கினு வராதே. ஆள் இல்லாத ஊரா பம்பாய்.

உன் பேரிலும் தப்பு இருக்கிறதடா ராசா. தீபாவளிக்குப் பக்கத்து அறை மராட்டிக்கார அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கும் உருண்டையும் கொடுத்தார்கள், அன்றைக்கே டப்பாவைப் பளபளவென்று தேய்த்து விடியற்காலையில் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன், யாருக்கும் பாக்கி வைக்கவில்லை என்று பெருமையாய் எழுதியிருந்தாயே. காலி டப்பாவையா வைத்தாய். நம் வீட்டில் எந்தப் பாத்திரமாவது வெறுமையாய்த் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாயா. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே உன் கையில் கொடுத்தனுப்புவேன், வழியிலே நீ நக்கிவிட்டு மீதியைக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். கழுவின காலி டப்பாவைப் பார்த்து அந்த அம்மா என்ன நினைத்திருப்பார்கள், இந்தப் பிள்ளைக்கு நம்ம சங்காத்தமே வேண்டாம் போலிருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். அப்புறம் காய்ச்சலுக்கு எப்படி வந்து தட்டுவார்கள். பாக்கி இருந்தால்தானப்பா போக்குவரத்து இருக்கும்.

இன்னொன்று, எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே குழாயில் தண்ணீர் பிடித்துவிடுகிறேன், யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியே உன் அப்பா பிள்ளை. ஒலக்கூரை விட்டு நாம் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எனக்கும் பேச நாதி இல்லை, நீ அப்போது திண்டிவனத்தில் உன் மாமா வீட்டில் இருந்து படித்தாய், உனக்குத் தெரியாது. முனிசிபாலிடிக் குழாயடியில் ஒருத்தி குடத்தை ஒருத்தி தள்ளிக்கினு, இடித்துக்கினு, பிடித்ததும் ஓடுவார்கள். நான் ஒருநாள் என் குடத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தேன். அதற்குப் பின்னால் யார் வந்தாலும் நீ முன்னே போ தாயி என்று விட்டேன். லோகோ ஷெட்டில் வேலை செய்கிறவர் சம்சாரம் லூர்துமேரி, அவள்தான் அதிலே பெரிய அவசரக்காரி, என்னைப் பார்த்து, என்னாக்கா, ஒலக்கூர்ல குடத்துக்குக் கூட தூக்கம் வருமா என்றாள். ஆமாம்டி, உன் குடம் மாதிரி அதுக்கு ரயில் பிடிக்கத் தெரியாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நிற்கிறவளுக்குத்தான் எல்லாரோடும் பேச நேரம் கிடைக்கும், யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் என் குடம் நிறைவதற்குள் எனக்கு வந்துவிடும். உன் அப்பா ஒரு குடம் தண்ணிக்கு ஒரு காலை நேரமா என்று கத்துவார், கத்தட்டும்.

அப்புறம் ஒரு மழை நாளில் முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அப்பா டிரிப்பில், கிருஷ்ணவேணி பள்ளிக்கூடத்தில். யாரையும் நான் கூப்பிடவில்லை. லூர்துமேரி தானாக வந்து கதவைத் தள்ளினாள். கடைசிக் குடத்தைக் காணோமே, செத்துகித்துப் பூட்டியான்னு பாக்க வந்தேங்கா என்றாள். அன்றைக்கு அவள் புருஷன் ஷெட்டுக்குச் சோறில்லாமல் போனார், இவள் எனக்கு ஒத்தடம் கொடுத்துக்கினு உட்கார்ந்திருந்தாள். உனக்கும் அதுதான் வேண்டும் கண்ணையா. நீ காணோம் என்றால் காணோமே என்று தேட ஒரு ஆள். நான் இங்கே இருந்து தேட முடியாது, நடுவில் எத்தனை ஊர் இருக்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன், எதிர்த்துப் பேசாதே. செஞ்சிப் பக்கத்து மல்லாட்டை வியாபாரி சுமதிநாதன் இந்த வாரம் பம்பாய் வருகிறார், அவரிடம் நம் பித்தளைத் தூக்குச்சட்டி நிறைய, மல்லாட்டையை வறுத்துத் தோல் புடைத்து வெல்லப்பாகில் பிடித்த உருண்டை கொடுத்திருக்கிறேன். உனக்கு அதில் பங்கு கிடையாது. மூடியைத் திறக்காமல் அந்த மராட்டி அம்மா வீட்டுக்கு எடுத்துப் போ, ஞாயிற்றுக்கிழமை போ, செருப்பைக் கழற்று, உட்காரச் சொன்னால் உட்கார், டீ கொடுத்தால் ஆற்றிக் குடி, கடிகாரத்தைப் பார்க்காதே. அவர்களாகக் கொடுத்தால் ஒரு உருண்டை தின்னலாம். பாஷை தெரியாது என்று எழுதாதே, உன் அப்பா பஸ்ஸில் ஏறுகிற சேட்டோடு சில்லறைக்குக் கையைக் காட்டியே சண்டை போடுகிறார், சண்டைக்கு வருகிற பாஷை சிநேகத்துக்கு வராதா. திங்கட்கிழமையிலிருந்து கூட்டத்தோடு குழாய்க்குப் போய் உன் வாளியைக் கடைசியில் வை. ஒரு ரயில் போனால் போகட்டும், அடுத்ததும் அதே ஊருக்குத்தான் போகிறது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் அந்த அம்மாவின் பேர் உனக்குத் தெரியவில்லை பார், மறு கடுதாசியில் முதல் வரியில் அவர்கள் பேர் இருக்க வேண்டும், உன் சுகத்தை இரண்டாவது வரியில் எழுதினால் போதும்.

தலைக்கு எண்ணெய் வை. உடம்பு தேறும் வரை பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. நம் குலதெய்வமும் லூர்துமேரி மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்ட மாதாவும் உன்னைக் காப்பாற்றட்டும், ரெண்டு பேரும் ஒத்துக்கினு பார்த்துக்கொள்வார்கள். பொங்கலுக்கு லீவு போட்டு வா. வரும்போது மறக்காமல் அந்தத் தூக்குச்சட்டியைக் கொண்டுவா. அது காலியாக வந்தால் நான் ஒன்றும் பேச மாட்டேன், உன் அப்பா சொன்னபடி செக்கர் வேலையில் சேர்ந்துகொள். நிறைந்து வந்தால் நீ திரும்பிப் போக டிக்கெட்டு நானே எடுத்துத் தருவேன், அவர் தடுத்தாலும் எடுப்பேன். கடையில் வாங்கிப் போட்டு என்னை ஏமாற்றப் பார்க்காதே, கடைக்காரன் கட்டினதும் ஒரு பொம்பளை கையால் அள்ளிப் போட்டதும் எனக்கு மூடியைத் திறந்ததும் தெரியும்.

நீ நல்லாயிருக்க வேண்டுமென்று நினைத்துக்கினே இருக்கிற,
உன் அம்மா
வீரம்மாள்